நோயா, தழும்பா

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் சுருளியாண்டியின் வண்டியை யாரும் நம்பர் பார்த்துத் தேடியதில்லை. சத்தம் வரும் பக்கம் போனால் போதும். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளியும் தலையில் சுற்றிய துண்டுமாக விடியலில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியையும் ஒரு வம்பு பேசித்தான் ஏற்றுவார்.

"என்ன ராமுத்தாயி, கை வீங்கியிருக்கு. மாமியாளுக்கு ரொம்பக் குடுத்துட்டியோ?"

"ஒம் பொண்டாட்டி ஒனக்குக் குடுத்ததுல பாதிதாண்ணே."

ஜீப் முழுக்கச் சிரிக்கும். அந்தப் பொண்டாட்டி நாகஜோதியும் அதே ஜீப்பில்தான் இருப்பாள், பின்னால், மற்றவர்களோடு முழங்கால் இடிக்க. டிரைவர் பக்கத்து இடம் கங்காணிக்கு. கல்யாணமான புதிதில் அவள் ஆசையாக முன்னால் வந்து உட்கார்ந்தபோது, "அது காசு குடுத்து ஏறுறவுக எடம், நீ ஓசி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி இறக்கிவிட்டார். அவள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், வாரம் திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்வார். எது சொன்னாலும் பதில் வரவில்லையே என்று சோறு இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் அல்வா வாங்கி வந்து சமாதானப்படுத்தினார். முன்சீட்டு மட்டும் கொடுக்கவில்லை.

லோயர் கேம்ப் தாண்டியதும் மலைப்பாதை. வளைவு வரும்போது டிரைவர்கள் குரல் கொடுப்பது எல்லா ஜீப்பிலும் உண்டு. மற்றவர்கள் நினைத்தால் கொடுப்பார்கள். சுருளியாண்டி ஒரு வளைவைக்கூட விட்டதில்லை. கியரை இறக்கும்போதே "புடிச்சுக்க ஆத்தா" என்பார். பின்படியில் தொற்றி நிற்பவர்கள் "புடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். வேறொருவர் ஜீப்பிலிருந்து ஒரு பெண் வளைவில் சரிந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததை அவர் தொழிலுக்கு வந்த புதிதில் பார்த்திருந்தார். ரோட்டில் கிடந்த அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கியது இவருடைய வண்டிதான்.

வியாதி அவருக்கு டீக்கடையில் வந்தது. சாயந்திரம், தோட்டத்துப் பெண்கள் இறங்கி வரும் நேரம். குமுளியில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரச் சேட்டனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வலது கை வெட்டி வெட்டி இழுக்க, கிளாஸ் உடைந்து, அவர் பெஞ்சோடு சரிந்தார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் வளைவில் வந்திருக்கும். இதை ராமுத்தாயிதான் முதலில் சொன்னாள். அதன்பிறகு அந்த ஜீப்பில் போனவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் தலையைத் திறந்தார்கள். இடப்பக்கம், நெற்றிக்குப் பின்னால் கட்டி. எடுக்க முடிந்ததை எடுத்தாயிற்று, வேர் இருக்கத்தான் செய்யும் என்றார் சர்ஜன். பிறகு கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். முடி கொட்டிய பக்கத்தை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு சுருளியாண்டி கூடலூர் திரும்பினார். வண்டி ஓட்டக் கூடாது, இனி எப்போதும் கூடாது. நாகஜோதியின் தம்பி சுரேஷ்கண்ணன் ஜீப்பை எடுத்தான்.

ஆனால் விடியலில் ஸ்டாண்டுக்கு வருவதை அவர் விடவில்லை. ஆள் ஏற்றிவிடுவது இப்போது அவர் வேலை. அதற்கு வாய் போதும். பழைய வம்புகள், பழைய சிரிப்பு. சுரேஷ்கண்ணன் நல்ல டிரைவர், பேச்சு வராது. பக்கத்து ஜீப்புக்காரர்கள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினாலும் பெண்கள் இந்த வண்டிக்குத்தான் நின்றார்கள். அவர்களை மலையேற்றிவிட்டு, வெயில் வரும்வரை டீக்கடையில் அரட்டையடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இப்படி ஓடியது.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"பழைய எடத்துக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு பொட்டு தெரியுது, பாருங்க. கட்டி திரும்ப வந்தா இப்படித்தான் தெரியும். கரண்டு வச்ச எடம் வெந்து தழும்பா போயிருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணு போலயா இருக்கும்?" என்றாள் நாகஜோதி.

"இந்தப் படத்துல ஒண்ணு போலத்தான்மா. நோயா, தழும்பான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது."

தழும்பாக இருந்தால் மருந்தில் சமாளிக்கலாம் என்றார். திறந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். ஆனால் பொட்டு இருப்பது பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டி. கத்தி வைத்தால் பேச்சு போகலாம். போன பிறகு வெறும் தழும்புதான் என்று தெரிந்தால் யாருக்கும் லாபமில்லை. ஒன்றிரண்டு மாதம் பொறுத்து மறுபடி படம் எடுத்து, பொட்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நோயாக இருந்தால் அந்த ஒன்றிரண்டு மாதம் அதற்குக் கொடுத்த சலுகை.

"பேச்சு போகும்னா எப்டி சார், திக்குமா?" என்று கேட்டார் சுருளியாண்டி.

"வராமலே போகலாம்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சர்ஜன் ஒரு சீட்டை எழுதி, கீழே ஸ்கேன் பகுதிக்கு அனுப்பினார். அங்கே வேறு மாதிரி ஒரு படம் எடுத்துப் பார்க்கிறார்கள், அதில் கொஞ்சம் துப்புக் கிடைக்கலாம், முயற்சி பண்ணுவோம் என்றார்.

ஸ்கேன் பகுதியில் இருந்த பெண்ணின் பெயர் பெனிட்டா. அந்தப் படத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கூடலூர் என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். "நான் ராயப்பன்பட்டிண்ணே" என்றாள்.

"அப்ப நம்ம புள்ள. ஒங்க ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு எத்தன ட்ரிப்பு அடிச்சிருப்பேன். யாரு கண்டா, ஒன்னையவே எறக்கிவிட்டுருப்பேன்" என்றார் சுருளியாண்டி. சர்ஜன் அறையில் தொலைத்த குரல் திரும்பிவிட்டிருந்தது.

பெனிட்டா அவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாள். மூளையில் புரதம் இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் சும்மா இருக்காது, சுற்றியுள்ள தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனோடு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இங்கிருந்து ஒன்று போகும், அங்கிருந்து ஒன்று வரும். புரதம் கொஞ்சம்தான் என்பதால் மெஷினுக்கு நேராகத் தெரியாது. தண்ணீர் நன்றாகத் தெரியும். அதனால் புரதத்தில் இருப்பதற்கு மட்டும் ஓர் அடையாளம் போட்டுவிடுவார்கள். அது இடம் மாறித் தண்ணீருக்குள் போய்ச் சேரச் சேர, தண்ணீரிலிருந்து வரும் சிக்னல் குறையும். எங்கே அதிகம் குறைகிறதோ அங்கே புரதம் அதிகம். வளர்கிற கட்டியில் புரதம் அதிகம் இருக்கும். வெந்துபோன தழும்பில் இருக்காது.

சுருளியாண்டி யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க பொம்பளைக பஸ்ல ஏறுன மாதிரி. நாலு பேரு ஏறுனாலும் பஸ்ஸே ஏலக்கா மணக்கும்."

"அதேதாண்ணே. மலையில பறிக்கிறத நான் பாக்கல. பஸ்ஸ மோந்து பாத்து, பறிப்பு நடக்குதா இல்லையான்னு சொல்றேன்."

"மோந்து பாத்து ஆள் ஏத்துற பொழப்பா. நம்ம பொழப்புதான்."

ஒரே ஒரு நிபந்தனை, தலை அசையக் கூடாது. ஒவ்வோர் அலைவரிசையாக அடையாளம் போட்டு, நிறுத்தி, படம் எடுத்து, மறுபடி அடுத்ததற்குப் போவார்கள். முடிய கால் மணி நேரத்துக்கு மேலாகும். கடைசியில் ஒரு படத்தை இன்னொன்றிலிருந்து கழித்துப் பார்ப்பார்கள். நடுவில் தலை ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் கழித்தலில் பிசகு வந்து, இல்லாத நோய் சிவப்பாகத் தெரியும்.

"அசைய மாட்டேன். நானென்ன சின்னப்புள்ளயா" என்றபடி உள்ளே போனார்.

தலைக்கு மேல் ஒரு கூண்டு மாதிரி மாட்டி அவரைக் குழாய்க்குள் தள்ளினார்கள். நாகஜோதியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெனிட்டா தன்னோடு நிறுத்திக்கொண்டாள். மெஷின் உறுமியது. உறுமி நின்று, சத்தம் மாறி மறுபடி உறுமியது. அப்போது ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"புடிச்சுக்க ஆத்தா."

பெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?" என்று மைக்கில் கேட்டாள். பதில் இல்லை. மெஷின் நின்று மறுபடி உறுமியது. "புடிச்சுக்க ஆத்தா." உடனே கூண்டுக்குள் தலை பின்பக்கமாகத் திரும்ப முயன்றது.

நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டிவிட்டது. "கியர் மாத்துற மாதிரி கேக்குதுல்ல. வளைவுன்னு நெனைச்சுட்டாக. பதில் சொல்லலேன்னா திரும்பிப் பாப்பாக" என்றாள்.

வெளியே எடுத்துக் கேட்டபோது, "நான் வாயே தொறக்கலயே" என்று சாதித்தார் சுருளியாண்டி. பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. இரண்டாம் தடவை உள்ளே தள்ளியபோது பெனிட்டா மைக்கை நாகஜோதியிடம் கொடுத்தாள். அவர் குரல் கொடுத்தபோதெல்லாம் இவள் "புடிச்சாச்சு, நீங்க ஓட்டுங்க" என்று சொன்னாள். தலை திரும்பவில்லை. ஆனால் குரல் கொடுக்க வாய் அசைந்ததே, அது போதுமானதாக இருந்தது படம் கெட. கம்ப்யூட்டரில் வந்த மூளை முழுவதும் ஓரத்துக்கு ஓரம் சிவப்பாக எரிந்தது. அதைப் பார்த்து, "இம்புட்டுமா?" என்றாள் நாகஜோதி.

"இது வியாதி இல்லக்கா. இது அசைவு. இத வச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாது" என்றாள் பெனிட்டா.

மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கலாம். ஆனால் அவர் நெஞ்சில் பீடியும் மலைப் பனியும் சேர்ந்து பண்ணிவைத்திருந்த வேலையைப் பார்த்த மயக்க மருந்து டாக்டர், படத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம் என்றுவிட்டார்.

பெனிட்டாவிடம் இன்னொரு முறை இருந்தது. அவள் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். பெரிய டாக்டர்களிடம் பேசி அனுமதி வாங்கி, அடுத்த வாரம் அவர்களை வரச்சொன்னாள்.

"இது வேகமா எடுக்குறதுண்ணே. நிறுத்தி நிறுத்தி எடுக்காது. அடையாளம் போட்டுக்கிட்டே படமும் எடுத்துக்கிட்டே போகும். ஒரே சத்தம், முடியுற வரைக்கும் மாறாது. முக்கியமான அலைவரிசைய மட்டும் எடுப்போம். அதுலயும் பாதிய எடுக்காம விட்டு, அத கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நிரப்பும். நாலஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும்."

"வளைவே இல்லைங்கிற."

"இல்லண்ணே. சின்னமனூர் ரோடு மாதிரி நேரா."

அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "நிரப்புறதுங்கிறியே பாப்பா. இல்லாதத இருக்குன்னு நிரப்பிட்டா?"

பெனிட்டா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "அதத்தான் நாங்க சரிபாத்துக்கிட்டு இருக்கோம். இதுவரைக்கும் எடுத்த ஆளுகளுக்குப் பழைய மொறையில வந்ததுதான் இதுலயும் வந்துச்சு. இத மட்டும் வச்சு முடிவெடுக்க மாட்டாங்க. மத்த படத்தோட சேத்துதான் டாக்டர் பாப்பாரு."

"சரி. போடு."

மெஷின் ஒரே சீராக இரைந்தது. நாகஜோதி கண்ணாடி வழியே அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் அசையவில்லை. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் வந்தது. நேரான ரோட்டில், பகலில், வண்டியில் ஆள் ஏற்றாமல் போகிற மனிதரைப் போலப் படுத்திருந்தார். முடிந்துவிட்டது என்று பெனிட்டா சொன்னபோது நாகஜோதியால் நம்ப முடியவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

படம் சுத்தமாக வந்தது. மூளை முழுக்கக் குளிர்ச்சியாகப் பச்சையும் நீலமுமாக இருந்தது. இடப்பக்கம், வெள்ளைப் பொட்டு இருந்த அதே இடத்தில் மட்டும், ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு. பெனிட்டா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். மறுபடி பெரிதாக்கியபோதே நாகஜோதிக்குத் தெரிந்தது.

"அசைஞ்சதால இருக்குமோ?"

"இல்லக்கா. அசையவே இல்ல."

சர்ஜன் எல்லாப் படங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்து, இரண்டு பேரையும் முன்னால் உட்காரவைத்துச் சொன்னார். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தழும்பு மாதிரி இல்லை, நோய் திரும்பிவிட்டது என்றுதான் படுகிறது. மறுபடி திறந்து எடுக்கலாம். எடுத்தால் கொஞ்ச மாதங்கள் கூடும். பேச்சு பெரும்பாலும் போய்விடும். எடுக்காவிட்டால் மாத்திரையில் முடிந்தவரை ஓட்டலாம். யோசித்துச் சொல்லுங்கள்.

வராந்தாவில் பெனிட்டா வந்து நின்றாள். நாகஜோதி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்புட்டு வெரசா சொல்லணுமாக்கும். ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்துருந்தா, ரெண்டு மாசம் தழும்புன்னு நெனைச்சுக்கிட்டாச்சும் கஞ்சி குடிச்சிருப்போம்."

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். சுருளியாண்டிதான், "அந்தப் புள்ளைய எதுக்குடி வையிற. வண்டிய வெரசா கொண்டாந்து சேத்தது தப்பா" என்றார்.

தேனி வழியாக பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாக்குவாதம் ஆரம்பித்தது. தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சுபாஸ்ரீயும் வந்திருந்தாள். ஆபரேஷன் பண்ணுங்கப்பா என்று அவளும் அழுதாள்.

"பேச்சு வராட்டி என்ன. கண்ணு முன்னாடி கெடந்தாப் போதும்" என்றாள் நாகஜோதி.

"கெடக்குறதுக்கு ஒரு அம்மிக்கல்லு வாங்கிப் போட்டுக்க."

"அம்மிக்கல்லாவே கெடங்க. எனக்குப் போதும்."

"எனக்குப் போதாது ஜோதி."

"ஸ்டாண்டுல நின்னு கண்டவளையும் கேலி பேசணும். அதுக்கு உசுர விடுவீகளாக்கும்."

"ஆமா."

அவர் அதை வீம்பாகச் சொல்லியிருந்தால் அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தாள். பேச்சை நிறுத்தினாள்.

சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர் அவளுடைய தம்பியைக் குறை சொன்னார். பதில் இல்லை. அவள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் நடந்த சண்டையை இழுத்தார். பதில் இல்லை. விடியலில் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் சுருங்கிப்போனார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இழுத்தால் ஒப்புக்கொள்வார் என்று நாகஜோதி கணக்குப் போட்டாள். தப்பான கணக்கும் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் தட்டில் கை வைத்தபடி அவர் சொன்னார்.

"சரிடி. பண்ணிருவோம்."

அவள் நிமிர்ந்தாள்.

"பண்ணுன பெறகு எனக்குப் பேச்சு இருக்காது. அப்ப நீ பேசுவ, எனக்குப் பதில் வராது. இப்ப நான் பேசுறேன், ஒனக்கு வரல. இதுதான் அதுன்னா, இது எப்டி இருக்குன்னு நீ பாத்துக்க. ஒனக்குச் சரின்னா எனக்கும் சரி."

நாகஜோதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டியை எடுத்தாள். திரும்பி வந்து, "கொழம்பு ஊத்தவா?" என்று கேட்டாள். "ஊத்து" என்றார். ஆபரேஷன் பேச்சு அந்த வீட்டில் அதோடு முடிந்தது.

மாசியில் நடந்தது இது. சித்திரை, வைகாசி வரைக்கும் அவர் ஸ்டாண்டுக்கு வந்தார். கால் இழுத்துக்கொண்டபோது சுரேஷ்கண்ணன் பைக்கில் கூட்டிவந்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தான். அங்கிருந்தே ஏற்றிவிட்டார். பெரிதாக எதுவும் பேசிவிடவில்லை. கடைசிக் காலம் என்று யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. ராமுத்தாயியின் மருமகளை வம்புக்கிழுத்தார், செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவைத்த போலீஸ்காரனை வைதார், நாகஜோதி சேலை கட்டியிருந்த விதத்தைக் குறை சொன்னார். அவள் மலைக்குப் போகாமல் வீட்டோடு நின்றுவிட்ட பிறகு நாள் முழுக்க அவளைத்தான் வைதார். அவளும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இந்த வீட்டில் சாகக் கிடக்கிற ஆள் இருக்கிறார் என்றே சில நேரம் மறந்துபோகும்.

பிறகு சொற்கள் போக ஆரம்பித்தன. முதலில் ஆட்களின் பெயர். ராமுத்தாயியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு "இவ... இவ..." என்று நின்றார். அவள் வம்புக்கு ஒரு பெயர் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை, வியர்த்துவிட்டது. அடுத்த நாள் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன் என்று தலையாட்டினார். அப்புறம் தட்டு, தண்ணீர், துண்டு எல்லாம் "அது" ஆயிற்று. ஆடி பிறக்கும்போது "ஆமா" மட்டும் மிஞ்சியது. வேண்டாம் என்பதற்கும் ஆமாதான். பின்பு அதுவும் நின்றுபோனது.

ஊருக்கு வந்திருந்த பெனிட்டா ஒரு நாள் கூடலூர் வந்தாள். அந்த வேகமான முறையில் படம் எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து, படம் சொன்னது சரியா என்று ஒப்பிட வேண்டும், அது அவள் வேலை. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கட்டிலில் சுருளியாண்டி இடப்பக்கம் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. அவளைத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"படம் சரியாத்தான் சொல்லுச்சு பாப்பா. எழுதிக்க" என்றாள் நாகஜோதி.

"தப்பாப் போயிருக்கக் கூடாதான்னு இருக்குக்கா."

"அது ஒங்கையிலயா இருக்கு." முறத்தில் இருந்த அரிசியைத் தள்ளி வைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். "நான் அன்னைக்கு ஒன்னைய வஞ்சேன். வெரசாச் சொல்லிப்புட்டன்னு. நீ சொல்லாம இருந்திருந்தா, எதுன்னு தெரியாமக் கெடக்க மாட்டாம நானே தலையத் தெறந்து துண்டு எடுத்துப் பாக்கச் சொல்லியிருப்பேன். மாசியிலயே வாய் போயிருக்கும். நீ சொன்னதால நாலு மாசம் என்னைய வஞ்சுக்கிட்டே கெடந்தாக. காது புளிச்சுருச்சு."

"ஆபரேஷன் பண்ணிருந்தா இன்னுங் கொஞ்ச நாள்..." பெனிட்டா நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும். இன்னுங் கொஞ்ச நாள் கெடந்திருப்பாக. நெதமும் நெனைக்கிறேன். நெனைச்சு என்ன பண்ண. அவுக கேட்டாக, நான் குடுத்தேன். சரியா தப்பான்னு காட்டுற படம் ஒங்கிட்ட இருந்தா எடு, பாப்போம்."

பெனிட்டா கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கிளம்பினாள். அவரைத் தனியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுவரை போய் வழியனுப்ப நாகஜோதியால் முடியாது. வாசலில் நின்று வழி சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

கஞ்சி நேரம் தாண்டியிருந்தது. அவர் தலைக்கு அடியில் இன்னொரு தலையணையைக் கொடுத்து நிமிர்த்தி, கழுத்துக்குக் கீழே துண்டை விரித்தாள். முதல் ஸ்பூன் இறங்கியது. இரண்டாவது ஸ்பூனுக்கு அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"என்னங்க, சுடுதா?"

முகம் திரும்பவில்லை.

"உப்பு பத்தலையா? போதுமா? வலிக்குதா எங்கனயும்?"

அவர் சுவரையே பார்த்தார். நாகஜோதி கிண்ணத்தை ஊதினாள். ஒரு கல் உப்புப் போட்டுக் கலக்கினாள். தலையணையைச் சரிசெய்து, காலை நீட்டிவிட்டு, முதுகுக்குக் கீழே கை கொடுத்துப் பார்த்தாள். மறுபடி ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனபோது வாய் திறந்தது. விழுங்கினார். எதற்காகத் திருப்பினார், எது சரியானதால் திறந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.